பின்சக்கரத்தை நூல் பிடித்து நிறுத்துவது: செயின் வண்டிக்கும் பெல்ட் வண்டிக்கும்

பள்ளிகொண்டா பக்கத்தில் ஆணி குத்தி, சாலையோரக் கடை ஒன்றில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வீடு வந்தேன். மறுநாள்தான் கவனித்தேன். ஹேண்டிலை நேராகப் பிடித்தால் வண்டி மெல்ல ஓரம் போகிறது. வண்டியை நேராக ஓட்டினால் ஹேண்டில் ஒரு பக்கமாகக் கோணி நிற்கிறது. குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில், சக்கரத்தை முன்பின் நகர்த்தும் அட்ஜஸ்டர்களின் கோடுகள் இரண்டு பக்கமும் மூன்றாவது கோட்டில் சரியாக நின்றன. அப்புறம் என்ன கோளாறு?

காட்பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கோடுகளைப் பார்க்கக்கூட இல்லை. "இன்னா தம்பி, கோடு பார்த்தா வெச்சிருக்க? அந்தக் கோடு போட்டவன் இன்னா அவசரத்துல போட்டானோ" என்று சிரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். கொத்தனார் சுவர் கட்டும்போது பிடிப்பாரே, அதே நூல். பத்து நிமிடத்தில் பின்சக்கரம் எவ்வளவு கோணி இருக்கிறது என்று என் கண்ணுக்கே காட்டினார்.

அன்று கற்றதையும், பிறகு சித்தப்பா பையன் வாங்கிய பழைய ஹார்லி ஸ்ட்ரீட் 750-இன் பெல்ட்டை அட்ஜஸ்ட் செய்யப்போய் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். வேலூரில் ஓடும் பைக்குகளில் பெரும்பங்கு செயின் வண்டிதான். ஆனால் ஸ்ட்ரீட் 750 போன்றவற்றிலும், ரிவோல்ட் ஆர்வி 400, ஏதர் 450 போன்ற மின்வண்டிகளிலும் பல் பெல்ட் இருக்கிறது. சக்கரத்தை நேராக்கும் வேலை பைக்குகளில் ஒன்றேதான். இழுப்பு, அதாவது இறுக்கம், வைக்கும் வேலைதான் செயினுக்கும் பெல்ட்டுக்கும் நேரெதிர் மாதிரி வேறுபடும். மின்ஸ்கூட்டர்களின் அமைப்பு தனி என்பதால், அவற்றை சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

கோடு ஏன் பொய் சொல்கிறது

ஸ்விங் ஆர்ம் என்பது சட்டத்தோடு ஒரு போல்ட்டில் மாட்டி ஏறி இறங்கும் கவட்டை. சக்கரம் நேராக நிற்க வேண்டுமென்றால், அந்தப் பிவட் போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்சிலின், அதாவது பின்சக்கரத்தின் அச்சின், நடு வரைக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். கோடுகள் இந்தத் தூரத்தைக் காட்டும் நிழல் மட்டுமே. தகட்டில் அச்சடிக்கும்போதே அரை மில்லிமீட்டர் முன்பின்னாகலாம். அட்ஜஸ்டர் தகடு வளைந்திருக்கலாம். ஒரு முறை கீழே விழுந்த வண்டியில் ஸ்விங் ஆர்மே லேசாகத் திருகியிருக்கலாம்.

அரை மில்லிமீட்டர் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளுக்கும் நடுவே சுமார் 200 மிமீ அகலம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே சுமார் 1300 மிமீ நீளம் என்று வையுங்கள். ஆக்சில் ஒரு பக்கம் 2 மிமீ பின்னால் போனால், பின்சக்கரம் பார்க்கும் திசை முன்சக்கரம் இருக்குமிடத்தில் 13 மிமீ விலகிவிடும். ஆக்சிலில் கண்ணுக்குத் தெரியாத பிழை முன்டயரில் ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிடுகிறது. நூல் முறை வேலை செய்வதற்கும் இதுவே காரணம்: பிழையை அது ஆறு ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

கையில் என்ன வேண்டும்

ஆக்சில் நட்டுக்கும் அதன் எதிர்ப்பக்கத் தலைக்கும் பொருந்தும் ஸ்பேனர்கள், அட்ஜஸ்டருக்கும் லாக் நட்டுக்கும் சிறிய ஸ்பேனர்கள், ஸ்டீல் ஸ்கேல், கொத்தனார் நூல், ஆக்சில் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் புதிதாக ஒன்று. எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. பெல்ட் வண்டிக்கு அது கட்டாயம்.

இதோடு ஒரு கம்பி. இதை நீங்களே செய்துகொள்ளலாம், கடையில் தேட வேண்டாம். வெல்டிங் பட்டறையில் சுமார் 3 மிமீ கனத்தில், பிவட்டிலிருந்து பின் ஆக்சிலைத் தாண்டும் நீளத்துக்கு ஒரு கம்பி கேட்டு வாங்குங்கள். ஒரு முனையைக் கூராக்கி, அந்த முனையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு செங்கோணமாக வளையுங்கள். ஒரு எல் வடிவம் வரும். நீளப் பகுதியில் பழைய சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டு வெட்டி மாட்டுங்கள். அது இறுக்கமாக நகர வேண்டும், தானாக வழுக்கக் கூடாது. அவ்வளவுதான் கருவி. ஹார்லி பட்டறைக் கையேடுகளிலும் இதே மாதிரி வளைத்த கம்பியில் ரப்பர் வளையம் மாட்டித்தான் ஆக்சிலை அளக்கச் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது, காட்பாடி அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தொடங்கும் முன்

சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றும்போது துணியை வைத்துச் செயினைத் துடைக்கும் பழக்கம் நம்மூரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. செயினுக்கும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் துணி போனால் பின்னாலேயே விரலும் போகும். பெல்ட்டும் அப்படித்தான், மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். ஸ்ட்ரீட் 750 போன்ற, சைட் ஸ்டாண்டு மட்டும் உள்ள வண்டிக்கு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி பேடாக் ஸ்டாண்டு வேண்டும். சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும் நிலையில், அட்ஜஸ்டரைத் தொடுவதற்கு முன், இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். இல்லையென்றால் வேறு எங்கோ இருக்கும் நோய்க்கு இங்கே மருந்து போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் வீல் பேரிங் போயிருக்கிறது. ஸ்விங் ஆர்மின் பின்முனையைப் பிடித்து இடவலமாகத் தள்ளுங்கள். அது ஆடினால் பிவட் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியில் எவ்வளவு நுணுக்கமாக அலைன்மென்ட் வைத்தாலும் திருப்பத்தில் கலைந்துவிடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஓரத்தைப் பாருங்கள். ரிம் பெண்டாகி இருந்தால் இடவலமாக அலையும். கடைசியாகக் காற்று: முன்டயரில் காற்று குறைந்திருந்தாலே வண்டி ஓரம் இழுப்பது போலத் தோன்றும்.

சக்கரத்தை நேராக்குதல்

ஸ்பிளிட் பின்னைப் பிடுங்கி எறியுங்கள். அதை நிமிர்த்தி மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம். ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், அட்ஜஸ்டர் திருகினால் ஆக்சில் நகரும் அளவுக்கு இளகினால் போதும். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டை நகராமல் பிடித்திருக்கும் கம்பியின் நட்டையும் சற்றுத் தளர்த்த வேண்டும். பிரேக் ராடு இழுத்துப் பிடித்திருந்தால் அதன் நட்டையும் சில சுற்று தளர்த்துங்கள்.

இப்போது கம்பியை எடுங்கள். கூர்முனையைப் பிவட் போல்ட்டின் நடுவில் வையுங்கள். பல வண்டிகளில் அங்கே தலையிலேயே ஒரு சிறு குழி இருக்கும். இல்லையென்றால் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி ஸ்விங் ஆர்முக்கு இணையாகப் போகட்டும். வால்வு டியூப்பை நகர்த்தி ஆக்சிலின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். டியூப்பைத் தொடாமல் கம்பியை எடுத்து மறுபக்கம் அதேபோல வையுங்கள். டியூப் ஆக்சில் நடுவில் விழுந்தால் சரி. முன்னாலோ பின்னாலோ விழுந்தால் அந்தப் பக்க அட்ஜஸ்டரைத் திருகுங்கள். சைலன்சரோ ஃபுட்ரெஸ்ட் தகடோ குறுக்கே வந்தால், எல்லின் சிறு கையை இன்னும் நீளமாக வளைத்துக்கொண்டால் தாண்டிவிடும்.

எவ்வளவு திருக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு கையில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. அட்ஜஸ்டர் போல்ட் 8 மிமீ என்றால் அதன் மரை இடைவெளி பொதுவாக 1.25 மிமீ. ஒரு முழுச் சுற்றுக்கு ஆக்சில் 1.25 மிமீ நகரும். நட்டின் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு பங்கு திருகினால் 0.2 மிமீ. போல்ட் 6 மிமீ என்றால் ஒரு சுற்றுக்கு 1 மிமீ.

பழைய புல்லட்டில் போல்ட்டுக்குப் பதில் நத்தை வடிவத் தகடு இருக்கும். பள்ளம் பள்ளமாக இருக்கும் அந்தத் தகட்டில், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பள்ளம் வைத்தால் நேராகிவிடும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஆகும். ஆனால் பள்ளங்களும் ஊன்றும் ஆணியும் வருடக்கணக்கில் தேய்ந்திருக்கும். அதையும் கம்பி வைத்தே சரிபாருங்கள்.

அட்ஜஸ்டரைத் தளர்த்துவதால் ஆக்சில் தானாக முன்னால் வந்துவிடாது. டயரின் பின்பக்கத்தைக் கையால் முன்னோக்கி ஒரு குத்து விட வேண்டும், அப்போதுதான் ஆக்சில் அட்ஜஸ்டரில் போய் உட்காரும். இதை மறந்துவிட்டு, "அட்ஜஸ்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை" என்று நட்டை முறுக்கிக்கொண்டே போனவர்களில் நானும் ஒருவன். எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் தளர்த்திவிட்டு, பிறகு இறுக்கிக்கொண்டே தேவையான இடத்துக்கு வாருங்கள்.

நூல் பிடித்தல்

கம்பி சொன்னதை நூல் உறுதி செய்யும். வண்டியைச் செங்குத்தாக நிறுத்தி, ஹேண்டிலை நேராக வைத்து, பின்டயரின் பின்பக்கம் நூலைச் சுற்றி இரண்டு முனைகளையும் முன்சக்கரம் தாண்டிக் கொண்டுபோங்கள். உயரம் தரையிலிருந்து ஒரு சாண் இருக்கட்டும். ஸ்டாண்டும் சைலன்சரும் தடுக்காத இடமாகப் பாருங்கள். முன்னால் இரண்டு செங்கல்லை வைத்து முனைகளை அவற்றில் கட்டுங்கள். செங்கல்லை மெல்ல நகர்த்தி, நூல் பின்டயரின் பின்விளிம்பையும் முன்விளிம்பையும் ஒன்றாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். மறுபக்கமும் அப்படியே.

முன்டயர் பின்டயரைவிட ஒல்லியாக இருக்கும். பின்டயர் 100 மிமீ, முன்டயர் 80 மிமீ என்றால் முன்டயருக்கும் நூலுக்கும் நடுவே இருபுறமும் 10 மிமீ இடைவெளி வர வேண்டும். ஒரு பக்கம் 15, மறுபக்கம் 5 என்று முன்டயரின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒரே மாதிரி வந்தால், பின்சக்கரம் கோணியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். என் வண்டியில் அன்று வந்தது 17-உம் 3-உம். பஞ்சர் ஒட்டும்போது ஒரு பக்க அட்ஜஸ்டர் தகடு ஆக்சிலில் சரியாக உட்காராமல் நட்டு இறுகியிருந்தது. கோடுகளைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு!

கம்பி சரி என்கிறது, நூல் தப்பு என்கிறது என்றால்? சில மாடல்களில் தயாரிப்பிலேயே சக்கரங்கள் சில மில்லிமீட்டர் விலகி வரும். அது இல்லையென்றால் சட்டமோ ஸ்விங் ஆர்மோ ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது. அதை அட்ஜஸ்டரால் சரிக்கட்டப் பார்த்தால் செயினையும் ஸ்பிராக்கெட்டையும் பலிகொடுக்க வேண்டிவரும். அங்கே நிறுத்திவிட்டு, சட்டம் பார்க்கும் பட்டறைக்குப் போங்கள்.

நூலுக்குப் பின் ஒரு பார்வை. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பின் ஸ்பிராக்கெட்டின் மேலிருந்து செயின் முன்னோக்கிப் போவதை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். செயின் ஸ்பிராக்கெட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் மடங்காமல் நேராகப் போக வேண்டும். ஸ்பிராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், சக்கரம் நேராக இருந்தும் ஸ்பிராக்கெட்டுகள் ஒரே தளத்தில் இல்லை என்று பொருள். சக்கரத்தைக் கழற்றியபோது, ஆக்சிலில் இருபுறமும் இடைவெளிக்காக வரும் வளையங்களான ஸ்பேசர்களை இடவலம் மாற்றிப் போட்டிருப்பார்கள். இது நான் நினைத்ததைவிட அடிக்கடி நடக்கிற விஷயம்.

செயின் தொய்வு

நம்மூர் 100 முதல் 150 சிசி வண்டிகளில் செயின் தொய்வு பொதுவாக 20 முதல் 30 மிமீ வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். கீழ்ச் செயினின் நடுவில் ஸ்கேலை நிறுத்தி, விரலால் மேலே தள்ளியும் கீழே இழுத்தும் மொத்த அசைவைப் பாருங்கள். சக்கரத்தைக் கால் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். இப்படி நான்கு ஐந்து இடத்தில். செயின் எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஓரிடத்தில் 30 காட்டும், வேறிடத்தில் 18 காட்டும். இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால், இறுக்கமான இடம் சுற்றி வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, அதிகமாகத் திருகுவது. தொய்வு 50 மிமீ ஆகிவிட்டது, 30-க்குக் கொண்டுவர வேண்டும், 20 மிமீ குறைய வேண்டுமே என்று நான்கைந்து சுற்று முறுக்குவார்கள். ஸ்பிராக்கெட்டுகளுக்கு நடுவே 600 மிமீ தூரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இதற்கு ஆக்சில் நகர வேண்டியது கிட்டத்தட்ட 0.7 மிமீ. 8 மிமீ போல்ட்டில் அரைச் சுற்றைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதனால் இரண்டு பக்கமும் கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் திருகியதை மறுபக்கமும் அதே அளவு திருகினால் நேர் கலையாது.

ஸ்டாண்டில் சரியாக இருக்கும் செயின், இருவர் உட்கார்ந்ததும் இறுகும். முன் ஸ்பிராக்கெட், பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் பாரம் ஏற ஏற ஸ்விங் ஆர்ம் அந்த நிலையை நோக்கிப் போகும். ஏலகிரி போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். 14 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஒரு ஆள், ஒரு பை. செயினைத் தந்தி மாதிரி இறுக்கிக்கொண்டு அந்த மலை ஏறக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஆளை உட்காரவைத்து ஒரு தடவை செயினை ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது ஆட வேண்டும்.

செயின் ஆயுள் முடிந்ததா என்று பார்க்க எளிய வழி, பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுப்பது. பல்லில் பாதி தெரியும் அளவுக்கு வந்தால் செட்டாக மாற்றிவிடுங்கள். அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 428 வகைச் செயினின் ஒரு கண்ணி 12.7 மிமீ, 20 கண்ணி புதிதில் 254 மிமீ. செயினை இழுத்துப் பிடித்து அளந்து 257-ஐத் தொட்டால் பணம் எடுத்து வைக்க வேண்டிய காலம். 259 வந்துவிட்டால் அட்ஜஸ்ட் செய்வதே வீண்.

பெல்ட் வேறு சாதி

ஸ்ட்ரீட் 750 இந்தியாவில் 2014-இல் வந்தது, ஹரியானாவின் பாவல் ஆலையில் செய்தார்கள். 2020-இல் ஹார்லி அந்த ஆலையை மூடுவதாக அறிவித்தது. வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சித்தப்பா பையனிடம் வந்ததும் அப்படி ஒன்று. "அண்ணா, பெல்ட் லூசா இருக்கு, நீதான் செயின்லாம் பாப்பியே" என்று கொண்டுவந்து நிறுத்தினான். நானும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, செயின் புத்தியோடு இறுக்கிவிட்டேன். ஆம்பூர் போகும் வழியில் நெடுஞ்சாலையில் ஊளையிட ஆரம்பித்தது. ஓரம் கட்டித் தொட்டுப் பார்த்தால் பெல்ட் வீணைத் தந்தி மாதிரி இருந்தது. காலையில் இருந்ததைவிட இறுக்கம்.

காரணம் சூடு. பெல்ட்டின் உள்ளே அராமிட் அல்லது கார்பன் நார்கள் ஓடுகின்றன. அவை அநேகமாக நீளவே நீளாது. வண்டி ஓட ஓட அலுமினிய இன்ஜினும் கியர்பாக்ஸும் சூடாகி விரியும், பெல்ட் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் இறுகும். செயினில் நாம் விடும் 25 மிமீ தொய்வு இந்த விரிவை விழுங்கிவிடும். பெல்ட்டில் விட்டுக்கொடுக்கும் அளவே சில மில்லிமீட்டர்தான். ஆகவே பெல்ட்டை எப்போதும் குளிர்ந்த வண்டியில்தான் அளக்க வேண்டும். வேலூர் சித்திரை வெயிலில் மத்தியானம் வாசலில் நின்ற வண்டியைக் குளிர்ந்த வண்டி என்று சொல்ல முடியாது. இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியை விடியற்காலையில் அளங்கள்.

அளக்கும் முறை இப்படி. கியர் நியூட்ரலில். கீழ்ப் பெல்ட்டின் நடுவில், கீழிருந்து மேலாக 4.5 கிலோ விசையோடு தள்ளினால் பெல்ட் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கென்று ஸ்பிரிங் வைத்த கேஜ் கிடைக்கும். சில ஹார்லி மாடல்களில் கீழ் பெல்ட் கார்டில் கோடு போட்ட சிறு ஜன்னல் இருக்கும், அசைவை அதிலேயே படிக்கலாம். கேஜ் இல்லாதபோது நான் செய்தது: லக்கேஜ் நிறுக்கும் தொங்கு தராசில் அகலமான துணிப்பட்டை ஒன்றை மாட்டி, பெல்ட்டைக் கீழ்நோக்கி 4.5 கிலோவுக்கு இழுத்து அளந்தேன். கேஜுக்கு அது ஈடில்லை, ஆனால் கட்டை விரலைவிட ஆயிரம் மடங்கு மேல். எத்தனை மில்லிமீட்டர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டி சைட் ஸ்டாண்டில் நிற்க வேண்டுமா, தூக்கி நிறுத்த வேண்டுமா, ஆள் உட்கார வேண்டுமா என்பதும் மாறும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நிலையில் அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இங்கேயும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளங்கள்.

திருகும்போது பெல்ட்டுக்குக் கால் சுற்றுகூட அதிகம். நட்டின் ஒரு முகம் ஒரு முகமாகப் போங்கள். செயின் வண்டியில் ஆக்சிலை அட்ஜஸ்டரில் அழுத்தி வைப்பதற்காக, செயினுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே சுருட்டிய துணியை விட்டுச் சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்புவது ஒரு நல்ல உத்தி. அதைப் பெல்ட்டில் செய்யாதீர்கள். நார் உடையும், வெளியே தெரியாது, பிறகு ஒருநாள் அறுந்துபோகும். பெல்ட்டை மடிப்பதும் முறுக்குவதும் சின்ன வளையமாகச் சுருட்டுவதும் அதே காரணத்தால் கூடாது.

இழுப்பு வந்த பிறகு பெல்ட் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சக்கரத்தை முன்னோக்கிப் பல சுற்று சுற்றுங்கள். பின் புல்லியின் (பெல்ட் ஓடும் பல்சக்கரத்தின்) ஓர விளிம்பை பெல்ட் லேசாக உரசினால் பரவாயில்லை, விளிம்பில் ஏறி அழுத்திக்கொண்டு ஓடினால் தப்பு. அப்போது ஒரு பக்க அட்ஜஸ்டரை ஒரு முகம் மட்டும் திருகி, மறுபடி பத்துச் சுற்று சுற்றி, பெல்ட் விலகுகிறதா இன்னும் ஒட்டுகிறதா என்று பார்த்துத் தொடருங்கள். ஒட்டினால் எதிர்த்திசையில் திருகுங்கள். பொறுமை வேண்டிய வேலை. எனக்கு முதல் தடவை ஒன்றரை மணி நேரம் போனது, சித்தப்பா பையன் இரண்டு டீ வாங்கிவந்தான். கம்பி அளவிலிருந்து ரொம்ப விலகினால்தான் பெல்ட் நடுவே ஓடுகிறது என்றால், நூல் பிரிவில் சொன்ன அதே சந்தேகம்தான்: ஸ்பேசர் மாறியிருக்கும், இல்லையென்றால் ஏதோ வளைந்திருக்கும்.

பெல்ட்டின் உடல்நிலையையும் இதே சாக்கில் பார்த்துவிடுங்கள். பல்லின் உள்பக்கம் மயிரிழை விரிசல் இருந்தால் கவனித்துக்கொண்டு ஓட்டலாம்; ஓரத்தில் நார் லேசாகப் பிரிந்து பஞ்சு மாதிரி தெரிந்தாலும் அப்படியே. பல் உதிர்ந்திருந்தாலோ, வெளிப்புறம் தெரியும்படி விரிசல் விட்டிருந்தாலோ, பல் கொக்கி மாதிரி வளைந்து தேய்ந்திருந்தாலோ மாற்ற வேண்டும். ஜல்லி லாரிகள் சிந்திவிட்டுப் போகும் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு கல் மாட்டினால் பெல்ட்டில் துளை விழும். துளை நடுவில் இருந்தால் கண்காணிக்கலாம், ஓரத்தில் இருந்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள். பெல்ட்டுக்கு எண்ணெயும் கிடையாது, கிரீஸும் கிடையாது. தூசியை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

இறுக்கி முடித்தல்

ஆக்சில் நட்டை இறுக்கும்போது ஆக்சில் துளி நகர்வது இயல்பு, கூடவே இழுப்பும் மாறும். அதனால் பாதி இறுக்கியதும் ஒரு முறை, முழுதாக இறுக்கியதும் ஒரு முறை கம்பியையும் தொய்வையும் பாருங்கள். டிரம் பிரேக் வண்டியில், பிரேக் பெடலை ஒருவர் மிதித்துப் பிடித்திருக்கும்போதே நட்டை இறுக்குங்கள். லைனர் டிரம்முக்குள் நடுவாக உட்காரும். டார்க் அளவு கையேட்டில் இருக்கும். பிறகு லாக் நட்டுகள், பிரேக் பிளேட் கம்பியின் நட்டு, புது ஸ்பிளிட் பின்.

பின்னால் சக்கரம் நகர்ந்ததால் டிரம் பிரேக்கின் ராடு இறுகியிருக்கும். பெடலில் பழைய அளவு விளையாட்டு வரும்வரை நட்டைச் சரிசெய்து, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா, பிரேக் லைட் நேரத்துக்கு எரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க் வண்டியில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், கிளம்பும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள். இதை மறந்தவர்களுக்கு முதல் சந்திப்பிலேயே நினைவு வந்துவிடும்.

ஓட்டிப் பார்க்க வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்புப் பக்கம் போகாதீர்கள். அங்கே நேராகப் போகும் வண்டி எதுவுமில்லை. காலியான சர்வீஸ் ரோட்டில் 40 வேகத்தில் போய்ப் பாருங்கள். ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துச் சோதிக்கும் வீரம் வேண்டாம், பிடியை லேசாக வைத்தாலே வண்டி ஓரம் இழுப்பது தெரிந்துவிடும். ஐந்தாறு கிலோமீட்டர் கழித்து நிறுத்தி, பின் ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமலே ஹப் கொதித்தால் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் அழுத்தத்தில் இருக்கிறது. பெல்ட் வண்டியில் ஊளைச் சத்தம் வந்தால் இறுக்கம். கீச் கீச்சென்று விட்டுவிட்டு வந்தால் பெல்ட் விளிம்பில் உரசுகிறது.

100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நட்டுகளையும் தொய்வையும் திரும்பப் பாருங்கள். நான் அட்ஜஸ்ட் செய்த தேதியையும், இறுக்கமான இடத்தில் வந்த அளவையும் சீட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதிவைக்கிறேன். வால்வு டியூப் மாட்டிய கம்பி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இப்போதெல்லாம் பஞ்சர் ஒட்டி வந்த அன்றே அதை எடுத்துவிடுகிறேன்.